யந்திரத்தின் பாஷையும் தொழிலாளியின் பாஷையும்

சென்ற மாதம் ஒரு காரியமாகக் கும்மிடிப்பூண்டிக்குச் சென்றிருந்தோம். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியையும் கவரைப்பேட்டையையும் தாண்டியதும், வயல்களுக்கு அப்பால் புகைபோக்கிகள் தென்படத் தொடங்குகின்றன. காலை ஷிப்டுக்குச் செல்லும் வாலிபர்களால் வண்டி நிறைந்திருந்தது. தமிழும், தெலுங்கும், ஹிந்தியும், ஒரியாவும் ஒரே பெட்டியில் ஒலித்தன. எமக்கு எதிரே அமர்ந்திருந்த வாலிபர் மட்டும் யாரோடும் பேசாமல், ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் பென்சிலால் ஏணி போன்றதொரு படத்தை வரைவதும் அழிப்பதுமாக இருந்தார். அது என்னவென்று வினவினோம். அவ்வினாவுக்குக் கிடைத்த விடையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் யந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவர். அதற்குச் சில தினங்களுக்கு முன் இரவு ஷிப்டில் ஒரு யந்திரம் நின்றுவிட்டதாம். மோட்டாரில் பழுதில்லை, வயரில் பழுதில்லை, மின்சாரமும் இருந்தது. யந்திரத்தை நடத்தும் சிறு பெட்டிக்குள் எழுதி வைக்கப்பட்டிருந்த கட்டளை வரிசை, அதாவது நிரல், ஏதோ ஒரு சமிக்ஞைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எந்தச் சமிக்ஞை என்று அறிய நிரலைத் திறந்து பார்க்க வேண்டும். திறப்பதற்கு மடிக்கணினி வேண்டும். அதில் அப்பெட்டியைச் செய்த கம்பெனியின் மென்பொருள் வேண்டும். மென்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டும். இவையெல்லாம் இருந்தாலும் பயனில்லை. யந்திரத்தை விற்றவர்கள் நிரலுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். மறுநாள் மாலை வெளியூரிலிருந்து ஓர் என்ஜினியர் வந்து பூட்டைத் திறந்தார். ஒரு சென்ஸரின் முகத்தில் தூசி படிந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

"எதற்காகக் காத்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால், ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஓட்டியிருப்பேன், ஐயா" என்றார் அவர்.

ஏறக்குறைய ஒரு நாள் உற்பத்தி போயிற்று. அது முதலாளியின் நஷ்டம், அவர் பார்த்துக்கொள்வார். யந்திரத்தின் அருகே நின்ற ஒரு கெட்டிக்கார வாலிபரின் அறிவு அந்த நேரமெல்லாம் கட்டுண்டு கிடந்ததே, அது யாருடைய நஷ்டம்?

கணினி வேலை என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவது கண்ணாடி மாளிகையும், குளிரூட்டிய அறையும், இங்கிலீஷில் பேசும் பட்டதாரிகளுமே. அப்படிப்பட்ட மாளிகை திருவள்ளூர் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. பட்டாபிராமில் 330 கோடி ரூபாய்ச் செலவில் 21 மாடிகளுடன் எழுந்துள்ள டைடல் பூங்காவை 2024 நவம்பரில் முதலமைச்சர் திறந்து வைத்தார். அதை நாமும் வரவேற்கிறோம். ஆயினும், நிரல் எழுதும் தொழிலும் நிரலைப் படிக்க வேண்டிய தேவையும் அந்த மாளிகைக்குள் மட்டும் இருப்பனவல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலையிலும், கம்பி உருட்டும் ஆலையிலும், பாட்டில் நிரப்பும் வரிசையிலும் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. காக்களூர்த் தொழிற்பேட்டையிலுள்ள சிறு பட்டறைகளிலும் அது நுழைந்து வருகிறது. அதைத் தினமும் எதிர்கொள்பவர் பட்டதாரியல்லர். நமது ரயில் வாலிபரைப் போன்ற பராமரிப்புத் தொழிலாளி.

இவ்விடத்தில் அந்த ஏணிப் படத்தின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நமது வாதம் முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

1960-களில் அமெரிக்காவின் மோட்டார்த் தொழிற்சாலைகளில் யந்திரங்களை நடத்தியவை ரிலேக்கள். சுவரளவு பெரிய பேனல்களில் நூற்றுக்கணக்கான ரிலேக்களும் அவற்றைப் பிணைக்கும் வயர்களும் இருக்கும். காரின் மாதிரி மாறினால் பேனலைப் பிரித்து மறுபடியும் வயர் இழுக்க வேண்டும். இத்தொல்லையை ஒழிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஹைட்ராமாட்டிக் பிரிவு 1968-ம் வருஷம் புதியதொரு சாதனம் வேண்டுமென்று கேட்டது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த டிக் மோர்லியும் அவருடைய கூட்டாளிகளும் அதற்காகச் செய்தளித்ததே 'மோடிகான் 084'. அவர்களுடைய கம்பெனி எடுத்துக்கொண்ட 84-வது வேலை என்பதால் அப்பெயர். இன்று பி.எல்.சி. என்று தொழிற்சாலைகளில் வழங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கெல்லாம் அதுவே மூதாதை.

அப்பொழுது கணினிகளுக்கென்று பல பாஷைகள் ஏற்கெனவே இருந்தன. பெட்டியைச் செய்தவர்கள் அவற்றுள் ஒன்றை எடுத்து, "எலக்ட்ரீஷியன்களே, இதைக் கற்று வாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன்கள் அதுவரை ரிலே வயரிங்குக்கு வரைந்துவந்த படத்தையே நிரலாக்கினார்கள். இரண்டு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடுகள். அவை மின்சாரத்தின் இரு முனைகள். நடுவே ஏணிப் படிகள். ஒவ்வொரு படியிலும் இடது புறத்தில் நிபந்தனைகள். வலது கோடியில் ஒரு வட்டம். அதுவே நடக்க வேண்டிய காரியம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும். விரலை எடுத்த பின்பும் ஓட வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்க வேண்டும். இதற்குப் பச்சைப் பொத்தானுக்கு இணையாக மோட்டாரின் தொடுமுனை ஒன்றையே கொண்டுவந்து சேர்ப்பார்கள். நமது ஊர் எலக்ட்ரீஷியன்கள் இதனை 'ஹோல்டிங்' என்பார்கள். சிறு பட்டறையில் ஸ்டார்ட்டர் கட்டும் பையனுக்கும் இது தெரியும். அதே படத்தைத் திரையில் வரைந்தால் பெட்டி அதைப் படிக்கும்: உள்ளே வரும் சமிக்ஞைகளைப் பார்க்கும், படிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கணிக்கும், வெளியே செல்ல வேண்டிய கட்டளைகளை அனுப்பும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இவ்வளவும் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

1993-ம் வருஷம் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பி.எல்.சி.க்களுக்கென ஐந்து நிரல் பாஷைகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டபோது, இந்த ஏணியும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. இன்றளவும் அது வழக்கொழியவில்லை. அமெரிக்கத் தொழிலாளி தமக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு யந்திரத்திடம் செல்லவில்லை; யந்திரம் அவருக்குத் தெரிந்ததை நோக்கி வந்தது. நமது தொழிலாளிக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை என்பதே நமது கேள்வி.

படம் பொதுவானது, தமிழரும், தெலுங்கரும், பிஹாரிலிருந்து வந்தவரும் அதை ஒருபோலப் படிக்கலாம். ஆனால் படத்தைச் சுற்றியுள்ள யாவும் இங்கிலீஷ்: மென்பொருளின் கட்டளைகள் இங்கிலீஷ், பிழைச் செய்திகள் இங்கிலீஷ், ஆயிரம் பக்கக் கையேடும் இங்கிலீஷ். ரயில் வாலிபர் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். ஹோல்டிங் என்ன செய்யும் என்று அவரைக் கேட்டால் என்ஜினியரைவிடத் தெளிவாகச் சொல்வார். கையேட்டில் அதே விஷயம் எழுதப்பட்டிருக்கும் பக்கத்தைக் காட்டினால் தலை குனிகிறார். புத்தி எங்கும் போய்விடவில்லை. வழியில் ஒரு சுவர் நிற்கிறது.

தமிழில் இவை நடவாது என்று சொல்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான புஸ்தகங்களையும் தமிழில் ஆக்கி அச்சிட்டார். 1916-ல் ராஜகோபாலாச்சாரியாரும் அவருடைய நண்பர்களும் சேலத்தில் சாஸ்திரப் பரிபாஷைக்கென்று ஒரு சங்கமே கண்டார்கள். உடலைக் கூறு செய்யும் சாஸ்திரத்துக்கு இடங்கொடுத்த பாஷை, ஒரு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் இடங்கொடாது என்று சொல்வது நகைப்புக்கிடமானது.

யந்திரக் கட்டளையே தமிழில் எழுதப்படலாம் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் வசிக்கும் முத்து அண்ணாமலை என்னும் தமிழ் என்ஜினியர் 2007-ம் வருஷக் கடைசியில் தொடங்கி, 2009-ல் 'எழில்' என்னும் நிரல் பாஷையை வெளியிட்டார். 'பதிப்பி' என்றால் திரையில் அச்சாகும். 'நிரல்பாகம்' என்று தொடங்கி ஒரு காரியத்தை வரையறுக்கலாம். 'முடி' என்று முடிக்கலாம். இவற்றைக் காட்டிலும் எம்மைக் கவர்ந்தது ஒன்று உண்டு. இங்கிலீஷில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். தமிழில் அது பின்னேதான் வரும். 'மழை பெய்தால்' என்கிறோமேயன்றி 'ஆல் மழை பெய்' என்பதில்லை. எழில் பாஷையிலும் நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னரே 'ஆனால்' என்று எழுத வேண்டும். 'வெப்பம் எண்பதுக்கு மேல் ஆனால்' என்று நாம் சொல்வதற்கும் அங்கே எழுதுவதற்கும் பேதம் மிகக் குறைவு. இவ்விஷயத்தில் ஏணிப் படமும் தமிழ் வழியிலேயே நிற்கிறது என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம்: நிபந்தனை இடது புறம், காரியம் கடைசியில்!

ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எழில் சிறுவர்களுக்குக் கணினியின் அடிப்படையைக் கற்பிக்கத் தோன்றியது. அதைக் கொண்டு உருக்காலையை நடத்துவோம் என்று கிளம்புவது வீண் பெருமை. நிரல் பாஷையின் ஏவற்சொற்கள் சிலவே; அவற்றை எந்தப் பையனும் ஒரு வாரத்தில் கற்றுவிடுவான். கஷ்டம் அவற்றில் இல்லை. ஏன் இப்படி எழுத வேண்டும், எங்கே தவறு நேரும், தவறியதை எப்படித் தேடிப் பிடிப்பது என்று விளக்கும் உரையிலேயே கஷ்டம் இருக்கிறது. சூத்திரம் எந்த மொழியில் இருந்தாலும் பாதகமில்லை. உரை தமிழில் வேண்டும். அவ்வுரையில் ரிலே ரிலேயாகவே இருக்கட்டும். காண்டாக்டர் காண்டாக்டராகவே இருக்கட்டும். பட்டறையில் ஒருவரும் வழங்காத புதுச்சொல்லைச் செய்து, இங்கிலீஷ்ச் சுவரை இடித்த இடத்தில் தமிழ்ச் சுவரொன்றை எழுப்பும் பண்டிதர்களுக்கு நமது நமஸ்காரம். அவர்கள் சற்று ஒதுங்கி நிற்பது நலம்.

இத்தகைய உரைகள் அடியோடு இல்லையென்று சொல்வதும் நியாயமாகாது. கிண்டியில் 1986 முதல் இயங்கிவரும் தேசியப் பயிற்சி ஊடக நிலையம் ஐ.டி.ஐ. மாணாக்கருக்கான பாடப் புஸ்தகங்களைத் தமிழ் உள்ளிட்ட தேசபாஷைகளில் அச்சிடுகிறது. கணினி இயக்கத்தையும் நிரலாக்க உதவியையும் கற்பிக்கும் 'கோபா' என்னும் ஒரு வருஷப் பயிற்சியும் ஐ.டி.ஐ.க்களில் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டத்தில், சுமார் பத்து நிமிஷப் பாடங்களாகப் பைதான், சி, லினக்ஸ் முதலியவை தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. திரையில் இங்கிலீஷ், காதில் தமிழ்; கேட்டபடியே பக்கத்தில் தாமும் செய்து பார்க்கலாம். காசு கிடையாது. த. ஸ்ரீனிவாசனும் அவருடைய நண்பர்களும் 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' பத்திரிகை, கட்டற்ற மென்பொருள் விஷயங்களைத் தமிழில் எழுதி யாரும் எடுத்தாளும்படி வெளியிடுகிறது. து. நித்யா அதில் 'எளிய தமிழில்' என்ற தலைப்பில் எழுதிய நூல்களைப் படித்துத் தொழில் கற்றவர்களை நாமே அறிவோம். சர்க்காரின் சம்பளமுமின்றி, பதிப்பாளரின் முன்பணமுமின்றி, இரவு விழித்து எழுதிய நூல்கள் அவை. இவர்களுக்கு நாடு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்பதை நாடு இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இவற்றுள் பெரும்பகுதி மேஜைக் கணினியைப் பற்றியது. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் புஸ்தகம் ரிலேயோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கணியத்தின் புஸ்தகம் லினக்ஸிலிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே, உண்மையில் கும்மிடிப்பூண்டி எங்கே நிற்கிறதோ அங்கே, பெரிய பள்ளமொன்று கிடக்கிறது. நின்றுபோன யந்திரத்தின் முன் நள்ளிரவில் நிற்பவருக்குத் தமிழில் துணையாகும் புஸ்தகம் எமது கண்ணில் படவில்லை.

சர்க்கார் பணம் செலவிடாமல் இல்லை. டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறது. ரோபோக்களும் நவீன யந்திரங்களும் வந்திறங்கியிருக்கின்றன. இத்தொகையின் நூற்றிலொரு பங்கு, அன்று, ஆயிரத்திலொரு பங்கு, நல்ல தமிழ்க் கையேடுகளுக்கு ஒதுக்கப்பட்டால் போதும். யந்திரத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் படிக்கும் கண்ணைக் கொடாமலிருப்பதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. மாணாக்கருக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிற்று. தொடக்கத்தில் அக்கணினிகளில் விண்டோஸுடன், நமது தேசத்தில் தொகுக்கப்பட்ட 'பாஸ்' லினக்ஸும் வைக்கப்பட்டிருந்தது. அதனுள்ளே நிரல் கற்பதற்கு வேண்டிய கருவிகளெல்லாம் காசின்றிக் கிடந்தன. நாம் பார்த்த வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் அரிது. அதில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மடிக்கணினி சினிமா பார்க்கப் பயன்பட்டது.

கருவிகளின் விஷயமும் இதுவே. பெரிய கம்பெனிகளின் பி.எல்.சி. மென்பொருளுக்கு விலை கொடுக்க ஒரு தொழிலாளியால் ஆகாது. ஆனால் தியாகோ ஆல்வெஸ் என்னும் ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'ஓப்பன் பி.எல்.சி.' கட்டற்றது, ராஸ்ப்பெர்ரி பை, ஆர்டுயினோ முதலிய மலிவான பலகைகளில் ஓடுவது, ஏணிப் படத்தை அதில் வரைந்து ஓட்டிப் பார்க்கலாம். ஜெர்மனியின் 'கோடெஸிஸ்' மென்பொருளையும் எழுதிப் பழகுவதற்குக் காசின்றிப் பெறலாம். யந்திரத்தில் ஓட்டும்போதுதான் கட்டணம். வீட்டில் ஒரு பலகை, இரண்டு பொத்தான், ஒரு சிறு விளக்கு இருந்தால் போதும். தவறு செய்தாலும் யாருடைய விரலும் போகாது. இதை ரயில் வாலிபருக்குச் சொன்னபோது அவர் வியந்தார். இத்தனை நாள் இது தம் காதுக்கு எட்டவில்லையே என்று வருந்தவும் செய்தார்.

முதலாளிகள் தரப்பில் ஓர் ஆக்ஷேபணை உண்டு, அது அற்பமானதன்று. "அரைகுறை அறிவுள்ளவர் நிரலில் கை வைத்தால் அழுத்த யந்திரம் ஆளை நசுக்கிவிடும், ஆகையால்தான் பூட்டு" என்கிறார்கள். மாற்றுவதற்குப் பூட்டு இருக்கட்டும். படிப்பதற்கு ஏன் பூட்டு? பார்க்க மட்டும் அனுமதித்து, மாற்ற அனுமதியாத ஏற்பாடு பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. அன்றியும், 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, நியாயமாகத் தம் வசமுள்ள நிரல் எவ்வாறு வேலை செய்கிறதென்று கவனித்து ஆராய்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தின் நிரலை வாசிக்கவும் பிரதி வைத்துக்கொள்ளவும் உரிமை வேண்டுமென்று கொள்முதல் பத்திரத்திலேயே எழுதி வாங்க நமது முதலாளிகளுக்கு என்ன தடை? தமிழில் பராமரிப்புக் கையேடு தர வேண்டுமென்று இன்னொரு வரி சேர்த்தால், விற்பவர் வியாபாரத்தை விட்டுவிட்டா ஓடிப்போவார்? சர்க்கார் தன் சொந்தக் கொள்முதலில் இவ்விரண்டு நிபந்தனைகளையும் முதலில் வைக்கட்டும். மற்றவர்கள் தாமே பின்பற்றுவார்கள்.

இப்பொழுது தமிழில் கேட்டாலே நிரல் எழுதித் தரும் யந்திர புத்தி வந்துவிட்டதே, இனி யாரும் கற்க வேண்டியதில்லை என்பாரும் உளர். எழுதித் தருவதென்னவோ உண்மை. அது எழுதியது சரியா, தவறா என்று படித்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? தவறான வாக்கியத்தைக் காகிதம் பொறுத்துக்கொள்ளும், உருட்டாலை பொறுக்காது.

தொழிற்சங்கத் தோழர்களிடமும் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கூலிக்கும் போனஸுக்கும் போராடுவது அவசியமே. அக்கோரிக்கைப் பத்திரத்தில், ஷிப்டு முடிந்தபின் வாரம் இரண்டு மணி நேரம் உபயோகிக்கத்தக்க ஒரு பழகு பலகையும், ஒரு கணினியும், ஓர் அறையும் ஏன் இடம்பெறக் கூடாது? தேசபக்தி பேசும் வாலிபர் சங்கங்களில் என்ஜினியரிங் படித்தவர் பலர் இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஒன்றில் பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கி, பத்துப் பேருக்கு ஏணிப் படம் கற்பிக்க அவர்களால் ஆகாதா? பக்கத்தில் அமரும் ஒரியா வாலிபருக்கும் அங்கே இடம் இருக்கட்டும். அவருக்கும் இதே சுவர்தான்.

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் வண்டி நின்றதும் அந்த வாலிபர் எழுந்தார். அந்தப் படத்தை மறுபடியும் பார்க்கலாமா என்று கேட்டோம். தயக்கத்தோடு நீட்டினார். வந்த என்ஜினியர் நிரலைத் திறந்திருந்தபோது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததை ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறார். மூன்று படிகள் சரியாக வந்திருந்தன; நான்காவதில் ஒரு தொடுமுனை அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு படிக்கும் எதிரே பொடி எழுத்தில் தமிழில் குறிப்பு எழுதியிருந்தார்: 'கதவு மூடியிருந்தால் மட்டும்', 'எண்ணெய் ஏறிய பிறகு', 'பழைய பொருள் வெளியே போன பிறகு'. நான்காவது படிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இருந்தது. "இன்றைக்கு மறுபடியும் கேட்டுப் பார்க்க வேண்டும், ஐயா, சொல்வார்களோ என்னவோ" என்று பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு இறங்கிச் சென்றார்.